மிசுகி ஷிகெரு: பேய்க்கதைக்காரரா, போர்க்கதைக்காரரா?

தாழம்பூநாகம் எழுதியது:

போன வாரம், கிதாரோ என்ற பேய்ச்சிறுவன் பிறந்த கதையைச் சொல்லும் அந்த 2023 அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். சிறுவர் பேய்ப்படம் என்று நினைத்து பாப்கார்னோடு உட்கார்ந்தவன், பாதியிலேயே அதைக் கீழே வைத்துவிட்டேன். கதை நடப்பது 1956இல். நாயகன் போரிலிருந்து உயிரோடு திரும்பிய சிப்பாய். ரத்த வங்கி ஒன்றில் வேலை. பெயர் மிசுகி.

படம் முடிந்த பிறகுதான் உறைத்தது: கிதாரோவை வரைந்த மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) ஓவியரின் பெயரும் மிசுகிதான், மிசுகி ஷிகெரு. அவரும் இரண்டாம் உலகப் போருக்குப் போனவர், இடது கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். 1922இல் பிறந்தவருக்கு ஊர் அறிந்த பெயர் கிடைத்தது 1965இல், அதாவது 43 வயதில்.

இந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பம். ஒரு கை இல்லாமல், காசும் இல்லாமல், அந்த வயது வரை ஒருவர் ஏன் படம் வரைவதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

ஓலைக்கொட்டான் எழுதியது:

வேறு வேலை எதுவும் சரிவரவில்லை, அதனால்தான்.

(சும்மா. கரிக்கோல் வரும்வரை துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிறேன்.)

---

கரிக்கோல் எழுதியது:

வந்துவிட்டேன். கொட்டான் விளையாட்டாகச் சொன்னது பாதிக்கு மேல் உண்மை.

இயற்பெயர் முரா ஷிகெரு. பிறந்தது ஒசாகா, வளர்ந்தது தொத்தோரி மாவட்டத்துக் கடலோர ஊரான சகாய்மினாதோ. சின்ன வயதில் தன் பெயரைச் சரியாகச் சொல்ல வராமல் "கெகெரு" என்பாராம். பிற்காலத்தில் கிதாரோ தலைப்பில் வந்த "கெகெகே" அந்த மழலையிலிருந்து வந்ததுதான்.

1946இல் நாடு திரும்பினார். முசாஷினோ ஓவியப் பள்ளியில் சேர்ந்து பாதியில் விட்டார். மீன் விற்றார், சைக்கிள் ரிக்‌ஷா வாங்கி வாடகைக்கு விட்டார். அப்புறம் கோபே நகரில் கடன்பட்டு ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பை வாங்கி, அறைகளை வாடகைக்கு விட்டார். கட்டடம் இருந்தது மிசுகி தெருவில், ஆகவே அதற்கு வைத்த பெயர் மிசுகி இல்லம். வாடகைக்கு வந்தவர்களில் ஒருவர் மூலம் காமிஷிபாய் தொழிலில் நுழைந்தார். அங்கே படம் வாங்கிய முதலாளி இவரை "மிசுகி ஐயா, மிசுகி ஐயா" என்று வீட்டுப் பெயரைச் சொல்லியே கூப்பிட, திருத்த இவருக்குச் சோம்பல். அதுவே நிலைத்துவிட்டது. ஜப்பான் முழுக்க அறிந்த அந்தப் பெயர் உண்மையில் நஷ்டத்தில் ஓடிய ஒரு வாடகை வீட்டின் பெயர்!

காமிஷிபாய் தெரியாதவர்களுக்கு: சைக்கிளின் பின்னால் ஒரு சின்ன மரமேடையைக் கட்டிக்கொண்டு கதைசொல்லி தெருமுனைக்கு வருவார். மரக்கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி, மிட்டாய் விற்றுவிட்டு, அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டிக் கதை சொல்வார். மறுநாள் தொடரும் போடுவார். மறுநாள் கதைக்கு மறுநாளே படம் வேண்டும். வரைபவருக்குக் கிடைப்பது சொற்பம்.

கிதாரோவின் வேரும் அங்கேதான். 1930களில் இதோ மசாமி என்பவர் எழுதிய "மயானத்துக் கிதாரோ" என்ற காமிஷிபாய் கதை நன்றாக ஓடியிருந்தது. அதைப் புதுப்பித்து வரையச் சொன்னார்கள். மிசுகி இதோவிடம் அனுமதி பெற்று 1954இல் தன் கிதாரோவைத் தொடங்கினார். ஆகவே கிதாரோ முழுக்க முழுக்க மிசுகியின் மூளையில் பிறந்தவன் என்று எழுதும் ரசிகர்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

1953இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. கொஞ்ச வருடத்தில் காமிஷிபாய் படுத்துவிட்டது. இவர் தோக்கியோவுக்குப் போய் வாடகைப் புத்தகங்களுக்கு வரையத் தொடங்கினார். முதல் புத்தகம் "ராக்கெட் மேன்", 1958. அப்போதே வயது 35 ஆகிவிட்டது.

---

பழைய_புத்தகக்கடை எழுதியது:

வாடகைப் புத்தகம் என்று கரிக்கோல் தம்பி ஒரே சொல்லில் தாண்டிவிட்டார். அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அவருடைய வறுமை புரியும்.

காஷிஹோன் என்பார்கள். அன்றைக்கு ஜப்பானில் பத்திரிகையோ புத்தகமோ காசு கொடுத்து வாங்க முடியாத தொழிலாளிகளும் பிள்ளைகளும் தெருமுனை வாடகைக் கடையில் எடுத்துப் படித்தார்கள். அந்தக் கடைகளுக்காகவே மாங்கா அச்சடித்த சிறு பதிப்பாளர்கள் இருந்தார்கள். வாங்குவது கடைக்காரர்கள் மட்டும். ஒரு கடைக்கு ஒரு பிரதி போதும். ஆக, எத்தனை பேர் படித்தாலும் விற்கும் எண்ணிக்கை கூடாது. ஓவியருக்கு ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கூலி. ராயல்டி கிடையாது. அந்தக் கூலியும் பல நேரம் பின்தேதியிட்ட உறுதிச் சீட்டாகத்தான் கைக்கு வரும். சீட்டு பணமாவதற்குள் பதிப்பாளர் கடையைச் சாத்திவிட்டால் அவ்வளவுதான்.

1960இல் கிதாரோ வாடகைப் புத்தகமாக வந்தான். பணம் ஒழுங்காக வரவில்லை என்று மிசுகி விலகினார். பதிப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? வேறொரு ஓவியரைப் பிடித்து அதே தலைப்பில் தொடர்ந்து வெளியிட்டார்! மிசுகி வேறு பதிப்பகத்துக்குப் போய்த் தன் கிதாரோவைத் தனியாகத் தொடர்ந்தார். ஒரே நேரத்தில் கடைகளில் இரண்டு கிதாரோ.

இன்னொரு கதையை அவரே எழுதியிருக்கிறார். வருமான வரி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்களாம். கணக்கில் காட்டிய வருமானம் ஒரு மனிதன் உயிர்வாழவே போதாது, எனவே எதையோ மறைக்கிறீர்கள் என்றார்களாம். இவர் உள்ளே போய் அடகுச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

---

ஓலைக்கொட்டான் எழுதியது:

அடகுச் சீட்டையே கணக்குப் புத்தகமாகக் காட்டியவர். தெய்வமே.

---

வெள்ளாம்பல் எழுதியது:

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எல்லோரும் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார், அவருடைய மனைவி நுனோஎ. 1961 ஜனவரியில் பெண் பார்த்தார்கள், ஐந்தாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 38, பெண்ணுக்கு 29. தோக்கியோவில் நல்ல தொழில் செய்கிறார் என்று நம்பி வந்தவருக்கு, ச்சோஃபு பகுதியில் வயலுக்கு நடுவே இருந்த வீட்டின் நிலைமை கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் 2008இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பு பெரிய அளவில் விற்றது. 2010இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. அதைக் காலை நேரத் தொடராக எடுத்தது. அந்த ஆண்டு "கெகெகே நோ" என்பதே ஆண்டின் பிரபலச் சொல்லாகத் தேர்வானது. நான் ஜப்பானுக்கு வந்த புதிதில் மொழி பழகவென்று அந்தத் தொடரின் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். பாதி வசனம் புரியாமலே அழுதிருக்கிறேன்.

எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டு. ஒன்று, அழுகும் நிலைக்கு வந்த வாழைப்பழத்தை மலிவாக வாங்கிவந்து இருவரும் விருந்து போலச் சாப்பிடுவது. இன்னொன்று, கையில் காசே இல்லாத நாட்களில் இருவரும் உட்கார்ந்து போர்க்கப்பல் பொம்மைகளை ஒட்டி ஒட்டி ஒரு கடற்படையே கட்டியது. தன் கையைப் பறித்த போரின் கப்பல்களை ஒருவர் ஏன் அவ்வளவு ஆசையாக ஒட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மை நிரப்புவது, கோடு போடுவது என்று நுனோஎ கணவரின் மேசையிலும் வேலை செய்திருக்கிறார். காகிதம் நகராமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாத மனிதருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

---

மேட்டூர்மணி எழுதியது:

எல்லாம் உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கஷ்டப்பட்டார் என்பதற்காகப் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நான் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். மூக்கு உருளைக்கிழங்கு, கண் இரண்டு புள்ளி. மாங்கா முன்னோடி தெசுகா ஒசாமுவின் ஓட்டமும் இல்லை, பின்னால் வந்தவர்களின் நுணுக்கமும் இல்லை. வாழ்க்கைக் கதைக்காகக் கிடைத்த பெயரோ என்று தோன்றுகிறது.

---

கரிக்கோல் எழுதியது:

மணி, நீங்கள் மூக்கை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். மூக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அடுத்த முறை ஒரு காட்டுப் பக்கத்தைத் திறந்து மரப்பட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு நிழலும் பேனா முனையால் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள். இலை, சேறு, நீரில் விழும் வெளிச்சம் எல்லாம் புகைப்படத்துக்கு நெருக்கமாக இருக்கும். நானும் வரைபவன். கல்லறை மேட்டுப் பக்கம் ஒன்றைப் பழகுவதற்காகப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். இரண்டு இரவு போயும் ஒரு மூலைதான் முடிந்தது.

பெயர் வந்த பிறகு உதவியாளர்களை வைத்துக்கொண்டார். யார் யார் என்று பாருங்கள்: த்சுகே யோஷிஹாரு, இகெகாமி ர்யோஇச்சி. இருவருமே பின்னால் தனித்தனியாக மேதைகள் என்று பெயர் வாங்கியவர்கள். அப்படிப்பட்ட கைகளை வைத்துக்கொண்டும் மனிதர்களின் முகத்தைக் கிழங்கு மூக்காகவே விட்டார் என்றால் அது வரையத் தெரியாததால் அல்ல. உலகம் கனமாக, அசையாமல், நிஜமாக நிற்கிறது. அதற்குள் மனிதர்கள் மட்டும் துரும்பு போல அலைகிறார்கள்.

"சோஇன் க்யோகுசாய் செயோ" என்று 1973இல் வந்த போர்க்கதை இருக்கிறதே, அதில் இது உச்சம். சிப்பாய்கள் எல்லோரும் கேலிச்சித்திர உருவங்கள். பசி, அடி, பேதி, அசட்டுச் சிரிப்பு. கடைசிப் பக்கங்களில் சடலங்கள் வரும். அவை மட்டும் புகைப்படம் போல வரையப்பட்டிருக்கும். அந்தப் புத்தகத்தில் ஒரு மனிதன் முழுசாக, நிஜமாக ஆவது செத்த பிறகுதான்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

கரிக்கோல், முடிவைச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை போடுங்கள். மற்றவர்கள் இனிமேல் முன்ஜாக்கிரதையாகப் படிக்கவும்.

---

கரிக்கோல் எழுதியது:

மன்னிக்கவும். தலைப்பின் அர்த்தமே "எல்லோரும் மாண்டு போங்கள்" என்பது மாதிரிதான். அதனால் முடிவை நான் ஒன்றும் பெரிதாகப் போட்டு உடைத்துவிடவில்லை.

---

தாழம்பூநாகம் எழுதியது:

1965இல் அப்படி என்னதான் நடந்தது? இருபது வருடம் கதவைத் தட்டியவருக்குத் திடீரென்று யார் திறந்தார்கள்?

---

பழைய_புத்தகக்கடை எழுதியது:

ஒரு கதவு அல்ல, இரண்டு. இரண்டும் நேரெதிரான கதவுகள்.

வாடகைப் பதிப்புத் தொழிலில் இருந்தவர் நாகாய் கட்சுஇச்சி. கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரத்தில், 1964இல் "காரோ" என்ற மாத இதழைத் தொடங்கினார். பெரிய பத்திரிகைகள் தொடாத கதைகளுக்கான இடம். மிசுகி அதில் ஆரம்பத்திலிருந்தே எழுதினார். காரோவில் காசு கிடைக்காது, ஆனால் கல்லூரிப் பிள்ளைகளும் பத்திரிகைக்காரர்களும் அதைப் படித்தார்கள்.

இன்னொன்று கொடான்ஷா பதிப்பகத்தின் ஷோனென் மேகஸின். லட்சக்கணக்கில் விற்ற சிறுவர் வார இதழ். முதலில் ஆள் அனுப்பி விண்வெளிக் கதை கேட்டார்கள். அது தனக்கு வராது என்று மிசுகி மறுத்துவிட்டார். அடகுச் சீட்டுக் கட்டை வைத்துக்கொண்டு மறுக்கிறார் பாருங்கள்! அவர்கள் போய்விட்டு மறுபடியும் வந்தார்கள், உங்கள் இஷ்டப்படி எழுதுங்கள் என்று. அப்படி எழுதியதுதான் "தெரெபி-குன்", டிவிப் பெட்டிக்குள் புகுந்து விளம்பரத்தில் வரும் பொருளை எடுத்துவந்துவிடும் ஒரு பையனின் கதை. 1965இல் கொடான்ஷா சிறுவர் மாங்கா விருது அதற்குத்தான்.

காமிஷிபாயைக் கொன்ற டிவியே அவருக்குச் சோறு போட்டது. பேய்க்கு முந்திக்கொண்டு!

---

கரிக்கோல் எழுதியது:

கிதாரோவும் அதே 1965இல் ஷோனென் மேகஸினுக்குள் வந்தான். அங்கே வந்ததும் குணம் மாறிவிட்டது. வாடகைப் புத்தகத்துக் கிதாரோ சுருட்டுப் பிடிக்கிற, மனிதர்கள் அழிந்தாலும் கவலைப்படாத, பார்க்கவே வயிற்றைக் கலக்கும் பிள்ளை. வார இதழில் அவனே மனிதர்கள் பக்கம் நின்று கெட்ட யோகாய்களை (நாட்டார் கதைகளில் வரும் விசித்திர ஜந்துகளை) அடிக்கும் வீரன் ஆனான். டிவி தொடராக எடுக்கலாம் என்றபோது "மயானம்" என்ற தலைப்பை வைத்துக்கொண்டு விளம்பரதாரர்களைப் பிடிக்க முடியவில்லை. 1967இல் தலைப்பு "கெகெகே நோ கிதாரோ" ஆனது. 1968 ஜனவரியில் தோஎய் நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைத் தொடர் தொடங்கியது. அதன் தலைப்புப் பாட்டை எழுதியதே மிசுகிதான். பேய்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, பரீட்சை இல்லை என்று போகும். 1971, 1985, 1996, 2007, 2018 என்று மறுபடி மறுபடி புதிதாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

---

மேட்டூர்மணி எழுதியது:

புள்ளி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். மறுபடி திறந்து பார்த்தேன். என் தப்புதான்.

ஆனால் இப்போது வேறு கேள்வி. பிள்ளைகளுக்காகக் கிதாரோவைச் சாதுவாக்கிக் காசு பார்த்தவர் ஒருவர். போரின் கோரத்தை எழுதியவர் இன்னொருவர். இரண்டும் ஒரே ஆள் என்று ஒட்டவைப்பது ரசிகர்களின் ஆசை மாதிரி இருக்கிறது. பேய் விற்றது, அதனால் பேய். மனசாட்சிக்குப் போர். அவ்வளவுதானே?

---

பழைய_புத்தகக்கடை எழுதியது:

அவ்வளவு இல்லை, தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படையில் மிசுகி ஒன்றுக்கும் உதவாத சிப்பாய். ஊதுகுழல் வாசிக்கப் போட்டார்கள், ஊத வரவில்லை. மாற்றல் கேட்டார். வடக்கா தெற்கா என்றார்கள். குளிர் ஆகாது என்று தெற்கு என்றார். 1943இல் ரபாவுலுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள், தெற்குப் பசிபிக்கின் நியூ பிரிட்டன் தீவு. ஏறிய கப்பல் ஷினானோ மாரு. 1905 போரில் ரஷ்யக் கடற்படை வருவதைக் கண்டு சொன்ன அதே கப்பல்! அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதிலேயே அந்தப் போரின் லட்சணம் தெரிகிறது.

தீவின் ஓரத்தில் பைஎன் என்ற இடத்துக்குப் பத்துப் பேர் கொண்ட காவல் குழு போனது. விடியற்காலைக் காவல் மிசுகிக்கு. கையில் தொலைநோக்கி. கடலைப் பார்க்க வேண்டியவர் கிளிகளைப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாமல் நின்றுவிட்டார். அந்த நேரத்தில் குடிசை தாக்கப்பட்டது. ஒன்பது பேரும் போய்விட்டார்கள். இவர் கடலில் குதித்து, காட்டில் அலைந்து, துப்பாக்கி இல்லாமல், உடுப்பு இல்லாமல் முகாமுக்கு வந்து சேர்ந்தார். மேலதிகாரி என்ன கேட்டார்? எல்லோரும் செத்திருக்க நீ மட்டும் ஏன் தப்பி வந்தாய், அரசரின் துப்பாக்கியை எங்கே போட்டாய் என்று.

அப்புறம் மலேரியா. படுத்திருந்தபோது விமானக் குண்டு. இடது கை போனது.

அவர் மருத்துவ முகாமில் கிடந்த காலத்தில், சுங்கென் என்ற இடத்தில் இருந்த படைப்பிரிவுக்குக் கடைசித் தாக்குதல் உத்தரவு வந்தது. எல்லோரும் வீர மரணம் என்று தலைமையகத்துக்குச் செய்தி போய்விட்டது. ஆனால் சிலர் உயிரோடு திரும்பினார்கள். செத்ததாக அறிவித்தவர்கள் உயிரோடு இருப்பது அதிகாரிகளுக்குத் தலைக்குனிவு. பிறகு நடந்ததுதான் கரிக்கோல் சொன்ன 1973 புத்தகம். அதில் 90 சதவீதம் உண்மை என்று பின்னுரையில் மிசுகியே எழுதுகிறார். நிஜத்தில் சிலர் பிழைத்தார்கள். புத்தகத்தில் ஒருவரைக்கூட விடவில்லை. தன் சாயலில் வரைந்த மருயாமாவையும் கொன்றுவிட்டார்.

அதே பின்னுரையில் இன்னொன்றும் சொல்கிறார். போர்க்கதை வரைய உட்கார்ந்தால் காரணம் தெரியாத கோபம் பொங்கி வருகிறது, செத்தவர்களின் ஆவிதான் அப்படிச் செய்கிறது போலும் என்று. மணி தம்பி, பேய் தனி, போர் தனி என்றீர்கள். அந்த ஆள் பேயை நம்பியவர். அவருக்குத் தெரிந்த பேய்களுக்குப் பெயரும் ஊரும் படைப்பிரிவு எண்ணும் இருந்தன.

---

தாழம்பூநாகம் எழுதியது:

ஐயா, இதைப் படித்த பிறகு படத்தில் வந்த மிசுகியை வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தப் பாத்திரம் படக்காரர்கள் புதிதாகச் சேர்த்ததா?

---

கரிக்கோல் எழுதியது:

இல்லை. 1960 வாடகைப் புத்தகத்திலேயே ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மிசுகி என்பவன்தான் கல்லறையிலிருந்து ஊர்ந்து வரும் குழந்தையைக் காண்கிறான். பயத்தில் தூக்கி எறிகிறான். குழந்தை ஒரு கல்லறைக் கல்லில் மோதி இடது கண்ணை இழக்கிறது. பிறகு அவனே எடுத்து வளர்க்கிறான். படம் சேர்த்தது அவனுடைய போர்க்கால நினைவுகளை.

இடது கை, இடது கண் என்று இப்போது யாராவது ஆரம்பிப்பீர்கள். எனக்கும் தோன்றியது. அவர் அப்படிச் சொல்லி நான் எங்கும் படித்ததில்லை, அதனால் அதைக் கட்டுரை ஆக்க மாட்டேன்.

---

ஓலைக்கொட்டான் எழுதியது:

கிதாரோவின் அப்பா வெறும் கண்விழி, மெதமா ஒயாஜி. உடம்பெல்லாம் அழுகிப்போய், மகன் மேல் உள்ள பாசத்தால் ஒரே ஒரு கண் மட்டும் உயிரோடு வந்து, கிண்ணத்தில் வெந்நீர்க் குளியல் போடும். தமிழில் யாராவது மொழிபெயர்த்தால் பெயருக்குக் கஷ்டப்பட வேண்டாம். கண் + அப்பன். கண்ணப்பன். ரெடிமேட்.

---

வெள்ளாம்பல் எழுதியது:

கொட்டான், சிரித்துத் தேநீரைக் கொட்டிக்கொண்டேன்.

ஆனால் "யோகாய்" என்பதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? பேய் என்றால் செத்தவர் என்று ஆகிவிடும். பூதம் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். குளியலறையில் அழுக்கை நக்கும் ஒன்று, வழியில் சுவர் மாதிரி நிற்கும் ஒன்று, பறந்துவந்து கழுத்தைச் சுற்றும் துணித்துண்டு ஒன்று, இவற்றையெல்லாம் ஒரே பெயரில் கட்ட நம்மிடம் எனக்குத் தெரிந்து சொல் இல்லை. யோகாய் என்றே விட்டுவிடலாம்.

மிசுகிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது அவர் வளர்ந்த சகாய்மினாதோவில் இருந்த ஒரு பாட்டி. நோன்நோன்பா என்று கூப்பிடுவார்கள். வழிபாட்டு வேலைகள் செய்து பிழைத்த ஏழை. அவரைப் பற்றி மிசுகி வரைந்த புத்தகம் 2007இல் பிரான்ஸின் அங்கூலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த ஆல்பம் விருது வாங்கியது. ஒரு மாங்கா அந்த விருதை வாங்கியது அதுதான் முதல்முறை. ராணுவத்தில் அதிகாரியிடம் வாங்கிய அறைகளையும் அந்தப் பாட்டி சொன்ன கதைகளையும் அவர் ஒருபோதும் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கரிக்கோல் கிதாரோவுக்குச் சொன்னதை நான் யோகாய்களுக்கும் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தொரியாமா செகிஎன் வரைந்த யோகாய்ப் படத்தொகுதிகள் உண்டு, மிசுகி அவற்றிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். நாட்டார் வழக்காற்று அறிஞர் யனாகிதா குனியோவின் பட்டியலில் பல யோகாய்களுக்கு ஒரு பெயரும் இரண்டு வரி விவரமும்தான் இருக்கும், உருவம் கிடையாது. கிழவன் முகத்தோடு குழந்தை போல அழும் கொனாகி-ஜிஜி, மண் தூவும் கிழவி, துணித்துண்டு இத்தான்-மொமென் எல்லாம் அப்படி வந்தவை. மிசுகி உருவம் கொடுத்தார். இன்றைக்கு ஜப்பானியப் பிள்ளையிடம் கேட்டால் அவர் வரைந்ததைத்தான் வரையும், அதுவே ஆதிகால உருவம் என்று நினைத்துக்கொண்டு. இது பாதுகாத்ததா, புதிதாக நட்டதா? ரசிகையாக இருந்தாலும் எனக்கு இதில் சிறு உறுத்தல் உண்டு.

நுரிகாபே என்ற சுவர் யோகாயைத் தான் நேரிலேயே கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். எங்கே? அதே நியூ பிரிட்டன் காட்டில், தனியாகத் தப்பி ஓடிய இரவில், முன்னால் எதுவும் தெரியாமல் கால் நகராமல் நின்றபோது. பழைய புத்தகக்கடை ஐயா சொன்னதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

மேட்டூர்மணி எழுதியது:

சரி, சரி. நான் தோற்றேன். சுவர்க் கதை என்னைக் கவிழ்த்துவிட்டது.

அக்கா, அந்த ஊருக்குப் போயிருக்கிறீர்களா?

---

வெள்ளாம்பல் எழுதியது:

இரண்டு முறை. யோனாகோ நிலையத்தில் சகாய்மினாதோ ரயில் நிற்பது பூஜ்ஜியம் எண் நடைமேடையில். ஜப்பானிய மொழியில் பூஜ்ஜியத்துக்கும் ஆவிக்கும் ஒரே உச்சரிப்பு, "ரெய்". எனவே அது ஆவி நடைமேடை! யோனாகோ நிலையத்துக்குச் செல்லப் பெயர் எலி மனிதன் (கிதாரோ கதையில் வரும் பாத்திரம்) நிலையம், கடைசி நிறுத்தம் கிதாரோ நிலையம்.

ஊர் மீன்பிடித் துறைமுகம். கடைத்தெரு காற்றாடிக்கொண்டிருந்த காலத்தில், 1993இல், 23 வெண்கல யோகாய்ச் சிலைகளை வைத்தார்கள். இப்போது 170க்கும் மேல். தோராயமாக எல்லாம் கைக்கு அடக்கமான உயரம். பாட்டிகள் பேரப்பிள்ளையின் தலையைத் தடவுவது போல அவற்றைத் தடவிக்கொண்டு போகிறார்கள். மூக்கெல்லாம் பளபளவென்று தேய்ந்துவிட்டது. மணி கிண்டல் செய்த அதே மூக்குகள்.

---

தாழம்பூநாகம் எழுதியது:

என் முதல் கேள்விக்கு இன்னும் நேரடியாகப் பதில் வரவில்லை. ஏன் விடவில்லை? இணையத்தில் அவருடைய "மகிழ்ச்சிக்கு ஏழு விதிகள்" என்று ஒன்று சுற்றுகிறது. அதில் "சோம்பேறியாக இரு" என்று ஒரு விதி! இப்படி உழைத்தவர் எப்படி அதைச் சொல்கிறார்?

---

கரிக்கோல் எழுதியது:

ஏழில் ஆறாவது அது. அதற்கு முந்தியதை யாரும் பகிர மாட்டார்கள்: திறமை வேறு, வருமானம் வேறு, உழைப்பு மனிதனை ஏமாற்றும் என்று தெரிந்துகொள். தன்னம்பிக்கைக் கூட்டங்களில் இதைச் சொன்னால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டாவது விதிதான் உன் கேள்விக்கான பதில்: செய்யாமல் இருக்க முடியாததைச் செய்துகொண்டே இரு.

சோம்பலை இளவயதுக்காரர்களுக்கு அவர் சிபாரிசு செய்யவில்லை. இளமையில் உழை, நடுவயதுக்குப் பிறகு சோம்பிக்கொள் என்பதுதான் விளக்கம். அவரே கிதாரோ டிவி தொடர் வந்த பிறகு வார இதழ் வேலையில் சிக்கித் திணறினார். 1971இல் ரபாவுல் போனது திருப்பம். போர் முடிந்ததும் அங்கிருந்த தொலாய் மக்கள் வீடும் தோட்டமும் தருகிறோம், இங்கேயே இரு என்று கேட்டிருந்தார்கள். அவரைப் "பாவ்லோ" என்று கூப்பிட்டார்கள். ஏழு வருடத்தில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர், கால் நூற்றாண்டு கழித்துப் போய் நின்றார். அடையாளம் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகு வேலையைக் குறைக்கத் தொடங்கினார்.

தூக்கம் பற்றி அவர் பின்னாளில் வரைந்த ஒரு சின்னக் கதை உண்டு. தெசுகாவும் இன்னொரு மாங்கா ஓவியரான இஷினோமோரியும் ராத்திரி கண் விழித்து வரைவதைப் பெருமையாகப் பேசுகிறார்கள், நான் நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார் மிசுகி. தெசுகா 1989இல், இஷினோமோரி 1998இல், இருவருமே 60 வயதில் போனார்கள். மிசுகி 2015 நவம்பர் 30 வரை இருந்தார், 93.

---

ஓலைக்கொட்டான் எழுதியது:

இதை என் மேலாளருக்கு அனுப்பலாமா?

---

பழைய_புத்தகக்கடை எழுதியது:

அனுப்பும் முன் வேறு வேலை பார்த்துவைத்துக்கொள்ளவும்.

சோம்பினார் என்று சொன்னாலும் 1988இலிருந்து "ஷோவா வரலாறு" என்று ஷோவா பேரரசர் ஹிரோஹிதோவின் காலம் முழுவதையும், தன் வாழ்க்கையையும் பின்னி எட்டுத் தொகுதிகளாக வரைந்தார். அதைக் கதைசொல்லி நடத்திக்கொண்டு போவது யார்? நெசுமி ஒதோகோ, எலி மனிதன். குளிக்காத, காசுக்காகக் கட்சி மாறும், நாறும் ஜந்து. போர் எப்படி வந்தது என்று பாடம் எடுக்க நாட்டிலேயே நாணயமற்ற ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 1989இல் கொடான்ஷா மாங்கா விருது அதற்கு. 91 வயதில் பிக் காமிக் இதழில் தன் அன்றாட வாழ்க்கையைப் புதுத் தொடராகத் தொடங்கினார். என்ன சாப்பிட்டேன் என்பதுதான் பாதி.

கடைசியாக ஒன்று. அவர் இறந்த அதே 2015இல் வீட்டில் பழைய கையெழுத்துத் தாள்கள் கிடைத்தன. 1942இல், படைக்குப் போகும் முன், இருபது வயதில் எழுதியவை. சாவு உறுதி என்று நம்பிய ஒரு பையன், நீட்சே, கதே, கலை, மதம் என்று எதைப் பிடித்தால் பயம் தீரும் என்று தேடித் தேடி எழுதியிருக்கிறான். நகைச்சுவை ஒரு வரிகூட இல்லை. சோம்பேறித் தாத்தாவின் முகத்தோடு அதை ஒட்டிப் பார்க்கவே முடியவில்லை.

---

தாழம்பூநாகம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எதிலிருந்து தொடங்குவது?

---

கரிக்கோல் எழுதியது:

நோன்நோன்பா. பிறகு 1973 புத்தகம். ஷோவாவைக் கையில் எடுத்தால் ஒரு மாதம் போய்விடும். நேராக 1973க்குப் போகாதே.

---

தாழம்பூநாகம் எழுதியது:

பேச்சைக் கேட்காமல் 1973ஐத்தான் முதலில் எடுத்தேன். ஆங்கிலப் பதிப்பு. நேற்றிரவு பாதி வரை போனேன். சிப்பாய் ஒருவன் மீன் பிடித்து, அதை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு மீனைப் பிடிக்கப் பார்த்து, தொண்டையில் சிக்கிச் செத்துப்போகிறான். போரில் செத்தான் என்றுதானே வீட்டுக்குத் தாள் போயிருக்கும்? அந்தப் பக்கத்திலேயே நிற்கிறேன். இன்றைக்கு நோன்நோன்பாவை ஆர்டர் போட்டுவிட்டேன்.